அறாவட்டி: கடன் தீர்வது பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கொடிய வட்டியைக் குறிக்கத் தமிழிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடுவட்டி என்பர், தமிழகத்தார் கந்துவட்டி என்பர், ஈழத்து வழக்கில் அறாவட்டி என்ற சொல்லும் பெரிதும் பயில்கின்றது. கடுவட்டி என்பது வட்டி வீதத்தின் மிகுதியைச் சுட்டும் சொல். அறாவட்டி என்பதோ அறுதல் இல்லாத வட்டி, அதாவது முடிவுறாத வட்டி எனப் பொருள்கொள்ள இடந்தருகின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல. வீதம் குறைந்த வட்டியும் அறாவட்டியாகலாம். வீதம் மிகுந்த வட்டியும் ஒருநாள் அற்றுப்போகலாம். வட்டி பற்றிய அறநூற் சர்ச்சைகளிற் பெரும்பாலானவை ‘எவ்வளவு?’ என்ற வினாவையே எழுப்பி வந்துள்ளன. ‘எதுவரை?’ என்ற வினா ஓரமாகவே நின்றுவிட்டது. கடன்பட்டவர் தம்மால் இயன்றதைத் தவறாது கொடுத்துவரும் வேளையிலும் கடன்கொடுத்தவர் வட்டியை மேன்மேலும் ஏற்றிச் செல்வது முறையாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பிரச்சினையாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வன்னியிலே சிறு தோட்டம் செய்யும் பெண்ணொருத்தி கிணற்றை ஆழப்படுத்துவதற்காக 1 இலட்சம் ரூபா கடன் பெற்றாள் எனக் கொள்க. வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து. எனவே முதல் மாத வட்டி 5,000 ரூபா. அவளால் மாதந்தோறும் 4,000 ரூபாவே கொடுக்க முடிகின்றது. ஒரு மாதமேனும் அவள் தவறவில்லை. வட்டியிற் குறையும் தொகை முதலோடு சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி கணிக்கப்படுகின்றது. பன்னிரண்டு மாத முடிவில் அவள் கொடுத்த தொகை 48,000 ரூபா. அவளது கடனோ 1 இலட்சத்து 15 ஆயிரத்து 917 ரூபாவாக உயர்ந்திருக்கும். அவள் மாதம் 5,000 ரூபா கொடுப்பாளாயின் கடன் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. 6,000 ரூபா கொடுப்பாளாயின் முப்பத்தேழு மாதங்களில், ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா கொடுத்து விடுபடுவாள். நாலாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு உழைப்பின் வேறுபாடாக இருக்க வேண்டுமென்பதில்லை. அது மழையின் வேறுபாடாக இருக்கலாம், அவ்வாண்டு வெங்காயம் விற்ற விலையின் வேறுபாடாகவும் இருக்கலாம். ஆயினும் ஒருபுறம் மீட்சியும் மறுபுறம் மீளாமையும் நிற்கின்றன.

இங்கு அறவியல் முறையில் விந்தையானது யாதெனில், அவள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவையும் கடன்கொடுத்தவர் ஏற்றுக்கொள்கின்றார் என்பதே. கொடுப்பனவு நிகழ்கின்றது, கடன் தீர்க்கும் செயல் நிகழவில்லை. தமிழிலே ‘கடன்’ என்ற சொல் கடமையையும் குறிக்கும், திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். அவள் கடமையாகிய கடனைச் செய்துகொண்டே இருக்கிறாள். பொருளாகிய கடன் வளர்ந்துகொண்டே போகின்றது. ஒரே சொல்லின் இரு பொருள்களும் அவளது வாழ்விலே ஒன்றுக்கொன்று பகையாகிவிடுகின்றன.

இப்பிரச்சினைக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. முதலாவது, வட்டியே பாவம் என்பது. பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு மாறானதென அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலிற் கண்டித்தார். மோசேயின் சட்டம் சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுத்தது. அந்நியனிடம் வாங்க இடமளித்தது. திருக்குர்ஆன் வட்டியைத் தடைசெய்ததோடு, கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும் பணித்தது. பௌத்த நிக்காயங்களிலே வறுமை, கடன், வட்டி, நெருக்குதல், பின்தொடர்தல், கட்டுண்ணல் என ஒன்றிலிருந்து ஒன்றாக விளையும் துன்பத் தொடர் கூறப்படுகின்றது. இவையெல்லாம் ஆழ்ந்த சிந்தனைகளே. ஆயின் வட்டியை முற்றாக மறுக்கும் கொள்கை வட்டி வழங்கும் உலகில் எழும் நுண்ணிய வினாக்களுக்கு விடை கூறுவதில்லை. எல்லா வட்டியும் ஒரே தன்மைத்தான பாவமாயின், தீரும் வட்டிக்கும் தீரா வட்டிக்கும் வேறுபாடு காண இடமில்லாது போகின்றது.

இரண்டாவது விடை, வாக்கு வாக்கே என்பது. தன் விருப்பத்தோடு கையொப்பமிட்டவள் அதன் விளைவையும் ஏற்கவேண்டும் என்பர். இக்கருத்தை வலியுறுத்துவோர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலை நாடலாம். திருப்பிக் கொடுக்க முடியாதென்று தெரிந்துகொண்டே, கொடுப்பேன் என வாக்களித்துப் பணம் பெறுபவன் அந்நூலில் வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அத்தகைய வாக்கை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கினால் வாக்கு என்பதே பொருளற்றதாகிவிடும் என்பது அவரது வாதம். இது கடன்பட்டவனை நோக்கிய கண்டனம். இதனைத் திருப்பிப் பார்ப்பார் அரிதே. கடன்பட்டவளின் வருவாயை நன்கறிந்தும், அவளால் இக்கடனை ஒருகாலும் தீர்க்கவியலாதெனத் தெரிந்தும், தீர்ப்பேன் என்ற வாக்கை அவளிடம் எழுதி வாங்குபவரின் நிலை யாது? அவரும் அதே பொய் வாக்கின் மறுபாதியல்லவா? முடியாத ஒன்றைச் செய்யுமாறு எவரையும் கடமை பணிக்காது என்பதும் கான்ற்றின் நெறிக்கு உடன்பாடானதே. எனவே ‘வாக்கு வாக்கே’ என்ற விடை அறாவட்டிக்கு அரணாவதற்கு மாறாக அதன் அடித்தளத்தையே ஆட்டிவிடுகின்றது.

பழைய சட்டநூல்களிலே ‘எதுவரை?’ என்ற வினா முற்றாக மறக்கப்படவில்லை. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் நூற்றுக்கு மாதம் ஒன்றேகாற் பணத்தை அறத்துக்குரிய வட்டி என்று வகுத்தது. வணிகத்துக்கு ஐந்து, காட்டுவழிச் செல்வோர்க்குப் பத்து, கடல்வழிச் செல்வோர்க்கு இருபது என அது வீதத்தை உயர்த்திக்கொண்டு செல்வதை மேற்கோள் காட்டுவோர் பலர். அதே அதிகாரத்திற் சற்றே அப்பாற் கூறப்படுவதைக் கவனிப்போர் குறைவு. நெடுங்கால வேள்வியில் ஈடுபட்டோர், பிணியாளர், குருகுலத்திற் கற்போர், இளையோர், பொருளற்றோர் ஆகியோரின் கடன் வளரலாகாது என்று அந்நூல் விதிக்கின்றது. (மாணவரையும் வறியவரையும் ஒரே பட்டியலிற் சேர்த்த கௌடலியரின் உலகியலறிவு பல்கலைக்கழக விடுதிகளில் வாழ்வோருக்கு எளிதிற் புலப்படும்.) மேலும், கொடுக்கப்படும் கடனை ஏற்க மறுக்கும் கடன்கொடுத்தவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம் என்றும், தக்க காரணங் காட்டி மறுப்பானாயின் அப்பணம் வட்டி நின்ற நிலையில் வேறிடத்தில் வைக்கப்படுக என்றும் அது கூறுகின்றது. கடன்பட்டவன் தன் பங்கைச் செய்துவிட்ட கணத்தில் வட்டி நிற்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து. காலம் ஓடுகின்றது என்ற ஒரு காரணத்தினால் மட்டும் வட்டி ஓடுவதில்லை. கடன்பட்டவனின் நடத்தையும் கணக்கில் எடுக்கப்படுகின்றது.

மனுதர்மசாஸ்திரம் வேறொரு வழியை நாடிற்று. ஒரே தடவையிற் பெறப்படும் வட்டி, முதலோடு சேர்ந்து இருமடங்கைக் கடக்கலாகாது என்பது அதன் விதி. இதுவே பிற்கால இந்திய நீதிமன்றங்களிற் ‘தாம்துபட்’ எனப் பெயர் பெற்றது. உரோமச் சட்டத்திலும் இத்தகைய விதி தோன்றி, உரோமன் டச்சுச் சட்டத்தின் வாயிலாக இலங்கையையும் தென்னாபிரிக்காவையும் வந்தடைந்தது. இலங்கையில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வட்டியாகவும் நிலுவை வட்டியாகவும் அறவிடத்தக்க தொகை எவ்வாற்றானும் முதலை மிஞ்சலாகாது என்று விதித்தது. கீழைத்தேயமும் மேலைத்தேயமும் தனித்தனியே ஒரே எல்லைக்கல்லை நாட்டியமை வியப்புக்குரியதே. அதனினும் வியப்புக்குரியது அவ்வெல்லைக்கல் யாரைக் காத்தது என்பதாகும்.

‘ஒரே தடவையில்’ என்ற சொற்களிலேயே நுட்பம் இருக்கின்றது. விதி நிலுவையாகத் திரண்டு நிற்கும் வட்டியையே எண்ணியது. ஏலவே செலுத்தப்பட்ட வட்டியை எண்ணவில்லை. இருவர் தலா 1 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 தனிவட்டியிற் பெற்றனர் எனக் கொள்க. முதலாமவர் பத்தாண்டு காலம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. வட்டி 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவாகத் திரண்டாலும் நீதிமன்றம் 1 இலட்சத்தோடு அதனை நிறுத்திவிடும். அவர் கொடுக்கவேண்டியது மொத்தம் 2 இலட்சம். இரண்டாமவர் ஆண்டுதோறும் 24,000 ரூபா தவறாது கொடுத்தார். பத்தாண்டில் அவர் கொடுத்தது 2 இலட்சத்து 40 ஆயிரம். அவரது கடனோ இன்னும் முழுதாக 1 இலட்சம். ஆக, மொத்தம் 3 இலட்சத்து 40 ஆயிரம். வாக்குத் தவறியவனைச் சட்டம் காத்தது. வாக்கைக் காத்தவனைச் சட்டம் கைவிட்டது.

இதற்குச் சமாதானம் கூற இயலாமலில்லை. பத்தாண்டு உறங்கிய கடன்கொடுத்தவனுக்கு அவ்விதி ஒரு தண்டனை. கடன் கட்டுக்கடங்காது பெருகும்வரை பார்த்திருந்தது அவன் குற்றம். ஆண்டுதோறும் வட்டி பெற்றவனோ உறங்கவில்லை. அவனது பணத்தை அவ்வாண்டில் மற்றவர் பயன்படுத்தியமைக்குரிய கூலியையே பெற்றான். இச்சமாதானத்தை ஓரளவு ஏற்கலாம். முழு வட்டியையும் கொடுக்க வல்லவர் முதலிற் சிறிதைக் கொடுக்காதிருந்தது அவரது தெரிவு எனலாம். ஆனால் கிணறு ஆழப்படுத்திய பெண்ணுக்கு இது பொருந்துமா? அவளது கடன்கொடுத்தவர் உறங்கவில்லை. மாதந்தோறும் வாசலுக்கு வருகின்றார். அவளும் உறங்கவில்லை. அவளுக்குத் தெரிவு என்று ஒன்று இருக்கவுமில்லை. கொடாதவனுக்கும் முழுதாகக் கொடுப்பவனுக்கும் இடையே, இயன்றதைக் கொடுப்பவள் என்றொரு மூன்றாம் நிலை இருப்பதை இவ்விதிகள் காணவேயில்லை. கொடுப்பனவு முதலில் வட்டிக்கும் எஞ்சியதே முதலுக்கும் சேரும் என்ற வழமையான கணக்கு முறை அவளது உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்தவராக உரோமப் பேரரசன் யுஸ்தினியனைக் கூறலாம். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அவன் பிறப்பித்த புதிய கட்டளைகளுள் ஒன்று, பகுதி பகுதியாகச் செலுத்தப்பட்ட வட்டியையும் இருமடங்கு எல்லைக்குள் எண்ண வேண்டும் என்றது. கொடுத்தவனின் கொடுப்பனவு, கடனின் முடிவை நோக்கி அவனை நகர்த்த வேண்டும் என்ற கருத்து சட்டத்திலே தெளிவாக இடம்பெற்ற அரிய தருணம் அது. உரோமன் டச்சுச் சட்ட மரபு அக்கட்டளையைப் பின்பற்றவில்லை. சட்ட வரலாற்றிற் சிறு குறிப்பாக ஒதுங்கிவிட்ட இவ்விடயம் அறவியலார் நின்று சிந்திக்கவேண்டிய இடமாகும்.

தமிழர் வழமையிலும் முடிவற்ற கடன் ஒன்றுண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டக்கோவையிற் கூறப்படும் ஒற்றி முறையே அது. காணியைக் கடன்கொடுத்தவர் அனுபவித்து, விளைவை வட்டிக்குப் பதிலாகக் கொள்வார். முதலைக் கொடுத்ததும் காணி மீளும். எத்தனை போகம் விளைந்தாலும் முதல் ஒரு சதமும் குறையாது. கணக்கின்படி நோக்கின் இதுவும் அறாத வட்டியே. ஆயினும் ஒற்றி பிடித்தவரை அறாவட்டிக்காரர் என்று ஊரவர் இகழ்வதில்லை. ஏன்? மழை பொய்த்தால் ஒற்றி பிடித்தவருக்கும் அவ்வாண்டு வட்டி இல்லை. நட்டத்தை இருவரும் ஏதோ ஒருவகையிற் பகிர்கின்றனர். அத்தோடு, காணியைக் கொடுத்தவர் தம் உடலுழைப்பை வேறிடத்தில் முதலீடு செய்து முதலைத் தேட முடிகின்றது. அவர் இழந்தது காணியின் அனுபவத்தை, தம்மையல்ல. இக்காரணங்கள் ஒற்றியைக் குற்றமற்றதாக்கிவிட்டன என்பதில்லை. ஒற்றியிற் போய் மீளாத காணிகளும் பல. ஆயின் ஓர் உண்மை இதனால் வெளிப்படுகின்றது. மழை பொய்த்த ஆண்டிலும் கூடிக்கொண்டே போகும் வட்டி, கடன்பட்டவரின் எதிர்கால உழைப்பையே ஒற்றியாகப் பிடிக்கின்றது. காணி ஒற்றிக்கு வேலி உண்டு. இதற்கு வேலி இல்லை.

மலையகத் தொழிலாளர் வரலாறு இதனை மேலும் துலக்கும். தோட்டத் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனப்படும் சீட்டில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்து அவனைப் பெற வேண்டும். பின்னர் அவன் புதியவருக்குக் கடனாளி. கங்காணி மாறினான், தோட்டம் மாறியது, கடன் மாறவில்லை. வேலை செய்து கழிக்கவேண்டிய கடனுக்கு அவன் வேலையே பிணையாயிற்று. 1921இற் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. துண்டு முறையை வட்டிப் பிரச்சினையாகக் கொள்ளாது தொழிற் பிரச்சினையாகவே வரலாற்றாசிரியர் பெரிதும் எழுதியுள்ளனர். ஆயின் தீராத கடன் எவ்விடத்தில் அடிமைத்தனமாக மாறுகின்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று இந்நாட்டிற் கிடைப்பதரிது.

இனி எதிர்வாதங்களை நோக்கலாம். அவை இலேசானவையல்ல. ஜெரமி பெந்தம் 1787இல் வெளியிட்ட வட்டி பற்றிய நூலில், முதிர்ந்த அறிவுடைய ஒருவர் தமக்கு நன்மையெனக் கருதிச் செய்யும் கடன் உடன்படிக்கையிற் சட்டம் தலையிடுவதற்கு நியாயமில்லை என்று வாதிட்டார். வட்டிக்கு எல்லை விதித்தால் வறியவருக்குக் கடன் கொடுக்க எவரும் முன்வரார். அவர்கள் மறைவான, இன்னும் கொடிய இடங்களை நாடவேண்டி வரும் என்பது அவ்வாதத்தின் சாரம். இன்னொன்று, கடன்கொடுப்பவர் எப்போதும் செல்வந்தர் என்ற எண்ணம். கூட்டுறவுச் சங்கத்தின் பணம் அதன் அங்கத்தவர்களின் பணம். ஓய்வூதியம் பெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்த வைப்புத்தொகைதான் வேறொருவருக்குக் கடனாகச் சென்றிருக்கும். வட்டி நின்றால் அவரது வருவாயும் நிற்கும். மூன்றாவது வாதமே மிக வலியது. பணத்தின் பெறுமதி நிலையானதன்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செத்தெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அதற்கு ஓராண்டு முன்னர் 1 இலட்சம் ரூபாவைக் கைமாற்றாகக் கொடுத்தவர் அதனைத் திரும்பப் பெற்றபோது, கொடுத்த நாளில் ஏறத்தாழ 59 ஆயிரம் ரூபாவுக்கு வாங்கக்கூடிய பொருள்களையே அதனால் வாங்கியிருப்பார். அவர் வட்டி வாங்காத நல்லவர், நட்டமும் அவருக்கே. முதல் என்று எதனைச் சொல்வது என்ற வினாவே இங்கு தடுமாறுகின்றது.

இவற்றுள் மூன்றாவது வாதம் வட்டிக்கு நியாயம் கற்பிக்கின்றது. அறாமைக்கு நியாயம் கற்பிக்கவில்லை. பெறுமதி இழப்பை ஈடுசெய்யும் அளவு வட்டி முதலின் ஒரு பகுதியே என்று ஒப்புக்கொள்வதில் அறவியலுக்கு நட்டமில்லை. அதற்கு மேற்பட்டதே சர்ச்சைக்குரியது. வைப்பாளர் பற்றிய வாதமும் அத்தகையதே. ஆசிரியரின் வைப்புத்தொகைக்கு உரிய வட்டி குறித்த ஒரு தொகை. அதனைக் கொடுத்தபின் எஞ்சும் பெரும்பகுதி வேறெங்கோ செல்கின்றது. அவரை முன்னிறுத்தி அப்பெரும்பகுதிக்குக் கேடயம் தேடுவது நேர்மையாகாது. பெந்தம் கூறும் முதிர்ந்த அறிவுடையோர் பற்றி மட்டும் சற்று விரிவாக நோக்கவேண்டும். ஏனெனில் அண்மைக்கால இலங்கை அனுபவம் அதற்கு நேரான விடையைத் தருகின்றது.

2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதி நிறுவனங்கள் பெருகின. ஏனைய வரட்சி மாவட்டங்களிலும் அவ்வாறே. கடன் பெற்றோர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் குழுக்களாக்கப்பட்டு, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் பொறுப்பு எனப் பிணைக்கப்பட்டனர். வாரந்தோறும் பணம் சேகரிக்கும் அலுவலர் வருவார். அயலவளுக்காக அயலவள் நெருக்கப்படும் இவ்வேற்பாட்டில் வெட்கமும் ஓர் ஈடாயிற்று. இவ்வகைக் கடன்களில் வட்டி பல வேளைகளிற் ‘சம வீதம்’ என்ற முறையிற் கூறப்பட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்றால் 1 இலட்சத்துக்கு 24,000. பன்னிரண்டு மாதத் தவணையில் மாதம் 10,333 ரூபா. இதில் மறைந்திருப்பது என்னவெனில், ஆறாம் மாதத்திற் கடனின் அரைவாசியைக் கொடுத்து முடித்தவளும் முழுக் கடனுக்குமே வட்டி கொடுக்கின்றாள் என்பதே. குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் வட்டி கணித்தால் இக்கடனின் ஆண்டு வீதம் ஏறத்தாழ 42. கொடுத்த பணத்துக்கும் வட்டி வாங்குதல் என்பதை இதனினும் நேராகக் காட்டும் கணக்கு இல்லை. உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்றவரே எழுதுகோலை எடுத்து இருந்து செய்யவேண்டிய இக்கணக்கை, சுவரில் ஒட்டிய ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒருத்தி புரிந்துகொண்டு உடன்பட்டாள் என்று கூறுவது பெந்தமின் வாதத்துக்கே செய்யும் அவமரியாதை.

ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன், அதனைத் தீர்க்க மற்றொன்று என்ற நிலை உருவாயிற்று. 2018இல் அரசாங்கம் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கியின் மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு 35 சதவீதம் என்ற உச்ச எல்லையும் வகுக்கப்பட்டது. 2021இற் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். தமிழ்ப் பெண்களும் சிங்களப் பெண்களும் ஒரே கணக்குப் புத்தகத்தின் முன் ஒரே மொழி பேசிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. 2018ஆம் ஆண்டு நிவாரணத்திலும் பழைய முரண்பாடு மீண்டும் தலைகாட்டியமை கவனிக்கத்தக்கது. தவணை தவறியவருக்கே நிவாரணம். பட்டினி கிடந்தும், தாலிக்கொடியை அடகு வைத்தும் தவணையைக் கட்டி வந்தவள் தகுதி பெறவில்லை. மனுவும் 1852ஆம் ஆண்டுச் சட்டமும் விட்ட அதே இடத்தில் இந்தத் தலைமுறையும் நிற்கின்றது.

ஆகவே வீதத்துக்கு எல்லை விதிப்பது அவசியமாயினும் போதுமானதன்று. ஒரு கடன் நியாயமானதா என்பதற்கு இன்னுமோர் அளவுகோல் வேண்டும்: கடன்பட்டவர் நேர்மையாக இயன்றதைக் கொடுத்தால் அது தீருமா? தீராதெனில் அவ்வுடன்படிக்கை கடன் என்ற பெயருக்கே உரியதன்று, அது திறை. அரசனுக்குச் சிற்றரசன் ஆண்டுதோறும் திறை செலுத்தினான். இத்தனை ஆண்டு செலுத்தினால் விடுதலை என்ற எண்ணம் அதில் இல்லை. கடனோ திரும்பிச் செல்லும் ஒரு வழியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்க வேண்டும். ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்றும் பொருளுண்டு. பல காதம் நடந்தபின்னும் தொடங்கிய இடத்துக்குப் பின்னே நிற்பவளிடம் அவ்வழி அடைக்கப்பட்டிருக்கின்றது.

இவ்வளவுகோலை ஏற்றால் கடன்கொடுத்தவரின் கடமையும் சிறிது மாறும். கடன்பட்டவர் வீழ்ச்சியுற்று, இயன்றதைக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, வட்டியை நிறுத்துவதோ கொடுப்பனவின் ஒரு பகுதியையேனும் முதலிற் சேர்ப்பதோ அவரது தருமசிந்தையின் பாற்பட்டதன்று, நீதியின் பாற்பட்டது. கொடுக்க வசதியிருந்தும் ஒளிப்பவர் இதற்குள் அடங்கார் என்பது சொல்லாமலே விளங்கும். ஒளிப்பவரையும் இயலாதவரையும் பிரித்தறிவது எளிதா என்று கேட்கலாம். எளிதன்று. ஆனால் கடன் கொடுக்கும் நாளில் வீட்டின் வருவாய், மாடு கன்று, காணியுறுதி, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வரை விசாரித்து அறிந்த ஒருவர், பணம் திரும்பி வரும் நாளில் மட்டும் எதையும் அறியவியலாதவராகிவிடுவது நம்பத்தக்கதன்று.

அரசுகளின் கடன் விடயத்தில் இவ்வேற்பாடு புதியதன்று. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களின் பெரும்பகுதிக்குரிய கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. வட்டி உறங்கவில்லை; நிலுவையாகத் திரண்டது. 2024 டிசெம்பரிற் சர்வதேச முறிகள் மாற்றியமைக்கப்பட்டபோது, முதலின் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. திரண்ட வட்டிக்கெனத் தனி முறிகளும் வழங்கப்பட்டன. அம்முடிவு நாட்டுக்கு நன்மையானதா என்பது பொருளியலாரின் சர்ச்சை. அறவியலாருக்கு இதிற் கவனிக்கவேண்டியது வேறு. ஒரு நாடு கொடுக்க முடியாதெனக் கூறியபோது சட்டத்தரணிகளும் ஆலோசகர்களும் மேசையின் இருபுறமும் அமர்ந்து, எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டனர். கடனின் தாங்குதன்மை என்ற தொடர் நிதி அறிக்கைகளில் நாள்தோறும் அடிபட்டது. கிணறு ஆழப்படுத்திய பெண்ணின் கடனுக்கு அத்தொடரை எவரும் உபயோகித்ததில்லை.

அவளுக்கும் மேசைகள் சில இல்லாமலில்லை. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணங்கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம், கொடூரமான கொடுக்கல் வாங்கல்களை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்க வழிசெய்தது. கடன் சீட்டிலே உண்மையான முதலும் வட்டியும் முன்கூட்டிக் கழித்த தொகையும் எழுதப்பட வேண்டும் என்றும் கோரியது. கடன் இணக்கச் சபைக்கான கட்டளைச் சட்டம் 1941இலும், கிராமங்களுக்கு அண்மையில் அமர்ந்து பிணக்குகளைத் தீர்க்கும் மத்தியஸ்த சபைகளுக்கான சட்டம் 1988இலும் ஆக்கப்பட்டன. இத்தகைய சபைகளின் முன் கடன்கொடுத்தவர் ஒரு புத்தகத்தை விரிப்பார். அதிலே ‘இன்னும் வரவேண்டியது’ என்ற நிரல் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். ‘இதுவரை கொடுத்தது எவ்வளவு, அது எதிலே சேர்க்கப்பட்டது?’ என்று சபையிலுள்ளோர் கேட்பாராயின், விடை கடன்பட்டவளின் தகரப் பெட்டியிலிருந்தே வரவேண்டும். மாதாமாதம் கொடுத்த நாலாயிரத்துக்கும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி அவள் அதிலே வைத்திருந்தாளா என்பதிலேயே பல வேளைகளில் வழக்குத் தங்கியிருக்கின்றது.